பதினொரு வருடக் கேப்டன் போவதா, இருப்பதா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பட்டறையை மூடிவிட்டு ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஹாக்கிக் குழுவின் கேப்டன் வந்து எதிரே உட்கார்ந்தான். தே தாரிக் ஆறி மேலே ஏடு கட்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கைப்பேசியை என் பக்கம் தள்ளினான்.

"அண்ணே, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

கோலாலம்பூரில் ஒரு குழு அவனைக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். ஆடுவதோடு இளையோர் குழுவுக்குத் துணைப் பயிற்றுநர் வேலையும் உண்டு. பதில் சொல்ல ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

"போகட்டுமாண்ணே, இருக்கட்டுமா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் சின்ன ஊர். செய்தி மறுநாளே பரவிவிட்டது. "தோட்டத்துப் பையன் மேலே போறான், யாரும் தடுக்காதீங்க" என்று பாதி ஊர் சொல்கிறது. "அவன் போனா குழு ஒரு வருஷம் தாங்காது" என்கிறது மீதி. இரண்டும் அன்பில் சொல்வதுதான், எனக்குத் தெரியும். ஆனால் யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவனோடு ஒன்பது வருடம் ஒரே திடலில் ஆடியவன், முழங்கால் போய் 41 வயதில் மட்டையை வைத்தவன் என்ற முறையில் நான் பார்த்திருக்கிறேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவனும் சொல்லிவிட்டான்.

முதலில் ஆளைப் பற்றி. வயது 31. இருபதில் கேப்டன் ஆனவன். நடுத்திடலில் ஆடும் செண்டர் ஹாஃப். செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை, ஆலை கொடுத்த வீடு. அம்மா, மனைவி, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள். குழுவின் பெனால்டி கார்னரை, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கோல் பக்கத்தில் கிடைக்கும் அடியை, அவன்தான் அடிக்கிறான். தடுப்பதற்கு முதலில் ஓடுபவனும் அவனே.

ஆனால் கேப்டன் என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் வேறு. பெரிய குழுவில் கேப்டன் டாஸ் போடுவார், நடுவரோடு பேசுவார், களத்தில் பையன்களைத் தூக்கி நிறுத்துவார். எங்கள் கேப்டன் வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஷிஃப்ட் முடித்து, பழைய வேனை எடுத்துக்கொண்டு மூன்று தோட்டங்களுக்குப் போய்ப் பையன்களை ஏற்றி வருவான். பயிற்சி முடிந்து இருட்டியதும் ஒவ்வொருவனையும் வீட்டு வாசலில் இறக்கிவிடுவான். கோல் கீப்பரின் கால் கவசம் கிழிந்தால் தைப்பது, போட்டிக்குப் பதிவுப் பணம் கட்டுவது, பதினாறு வயதுப் பையனின் அப்பாவிடம் போய் "சனிக்கிழமை மட்டும் விடுங்க மாமா, வெளிக்காட்டு வேலைக்கு ஞாயித்துக்கிழமை அனுப்புங்க" என்று கெஞ்சுவது எல்லாம் அவன்தான். இதையெல்லாம் யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. ஒருவர் ஒருவராக விலகியபோது விழுந்த வேலைகளை அவன் குனிந்து எடுத்துக்கொண்டான். நான் விட்டதும் அதில் இருக்கிறது.

அதனால்தான் இருப்பதா, போவதா என்ற கேள்வி கனக்கிறது. அவன் போனால் போவது ஒரு செண்டர் ஹாஃப் மட்டும் இல்லை.

இருந்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். இதைத்தான் ஊரில் பலரும் பேசாமல் தாண்டிவிடுகிறார்கள், இருப்பது இயல்பானது, அதற்குக் கணக்கு வேண்டாம் என்பது போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தால் அவனுக்கு வருடத்துக்கு நான்கைந்து சுற்றுப்போட்டி, மாவட்ட லீக், தீபாவளிக்கு முன்னால் ஏழு பேர் ஆட்டம். பெரும்பாலும் புல் திடல். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததிலிருந்து மேல்மட்ட ஹாக்கி புல்லை விட்டுப் போய்விட்டது. புல்லில் பந்து குதிக்கும், நிற்கும், திரும்பும். அதை அடக்கும் வித்தை எங்கள் பையன்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தெளித்த தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும் வேகம் வேறு விளையாட்டு. டிராக் ஃபிளிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை மட்டையில் ஒட்டவைத்து இழுத்து வீசும் அந்த அடி, நம் மேட்டுப் பள்ளத் திடலில் பழகவே முடியாது. அவன் அதைப் பழகியது ஈப்போவில், செயற்கைத் திடல் கிடைத்த நாட்களில், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வண்டியோட்டிப் போய். சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்துக்கு வெளிநாட்டுக் குழுக்கள் வந்து ஆடும் ஊர் ஈப்போ. அந்தக் கிண்ணம் 1983-இல் தொடங்கியது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு அந்த ஆட்டங்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். அரை மணி நேரத் தூரத்தில் உலகத் தரத்தைப் பார்த்து வளர்ந்தவன், இருபது வருடமாகக் கிடைத்த நாளில் மட்டும் அந்தத் தரையைத் தொட்டு வந்திருக்கிறான்.

கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1975 உலகக் கிண்ணத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் சொல்வார். கோலாலம்பூரில் நடந்தது, அரையிறுதியில் இந்தியாவை 2-1 என்று முந்திக்கொண்டிருந்தோம், கடைசி நேரத்தில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்று நான்காவது இடம். சொல்லும்போது இன்றைக்கும் அவருக்குக் குரல் உடைகிறது. "அப்பல்லாம் காசுக்கா ஆடினாங்க?" என்று முடிப்பார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அன்றைக்கு ஆசிரியராகவோ போலீசாகவோ ரயில்வேயிலோ இருந்துகொண்டு மாலையில் ஆடியவர், பகலில் வேறு வேலை பார்த்த இன்னொருவரோடு மோதினார். இப்போது அப்படி இல்லை. மலேசிய ஹாக்கி லீக் 1987-லிருந்து நடக்கிறது. மேல்மட்டக் குழுக்களின் பின்னால் நிறுவனங்களும் மாநிலங்களும் நிற்கின்றன. நாள் முழுக்கப் பயிற்சி எடுப்பவனோடு, ஷிஃப்ட் முடித்து வேனோட்டி வருபவன் எத்தனை வருடம் மோத முடியும்?

அதே பெரியவர் இன்னொரு உதாரணமும் சொன்னார். தம்பின் ஊர்க்காரர் எஸ். குமார் 38 வயதில், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கோல் காத்தார். இந்தியாவை அரையிறுதியில் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று வெள்ளிப் பதக்கம் கொண்டுவந்தோம். "முப்பத்தொண்ணுக்கே என்னய்யா அவசரம்?" என்றார். குமார் என் மனதுக்கும் நெருக்கமானவர்தான், சிறிய ஊரிலிருந்து வந்து முன்னூறுக்கும் மேற்பட்ட ஆட்டம் நாட்டுக்கு ஆடியவர். ஆனால் கோல் கீப்பரின் வயதும் செண்டர் ஹாஃபின் வயதும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. கீப்பருக்குக் கண்ணும் அனுபவமும் வயதோடு கூர்மையாகும். செண்டர் ஹாஃப் குனிந்த முதுகோடு திடலின் இரண்டு முனைக்கும் ஓட வேண்டும். எதிரணிக் கோல் பக்கம் முன்கூட்டியே போய் நிற்பதைத் தடுத்த ஆஃப்சைட் விதியை 1990-களில் எடுத்த பிறகு திடலின் நடுப்பகுதி நீண்டுவிட்டது, ஓட்டமும் கூடிவிட்டது. வேண்டியபோது ஆளை மாற்றிக்கொள்ளும் விதி வந்ததால் கொஞ்சம் மூச்சு வாங்கலாம், அது உண்மை. அப்படியும் அவனுக்கு மேல்மட்டத்தில் இரண்டு பருவம், மிஞ்சினால் மூன்று. அவனுடைய தொடைத் தசை இரண்டு தடவை பிடித்துக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அவனிடம் வருடம் இல்லை.

சரி, அப்படியானால் உடனே போக வேண்டியதுதானே? அங்கேதான் வீடு குறுக்கே வருகிறது.

தோட்டத்து வீடும் ஆலை வீடும் வேலையோடு வருவது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இந்த நாட்டில் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அவனுடைய அப்பா முப்பது வருடம் பால்மரம் வெட்டினார். அவர் ஓய்வு பெறும் வயதில், மகன் ஆலையில் சேர்ந்ததால்தான் அந்தக் குடும்பம் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து ஆலை வீட்டுக்கு மாறியது. அப்பா போய்விட்டார். அம்மா அந்த வாசலில் போட்ட முருங்கையையும் கறிவேப்பிலையையும் வளர்த்துக்கொண்டு இருக்கிறார். அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த அம்மா எங்கே போவார்? கோலாலம்பூரில் வாடகை வீட்டுக்கா, ஈப்போவில் இருக்கும் அக்காள் வீட்டுக்கா? அவனோடு இதைப் பேசியபோது, "அம்மா எங்க வேணும்னாலும் வருவாங்கண்ணே" என்றான். நான் அம்மாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எனக்குக் காப்பி போட எழுந்து போனார்.

பணக் கணக்கையும் போட்டோம். ஆலைச் சம்பளம் மிகை நேரம் சேர்க்காமல் ஏறக்குறைய 2,800 வெள்ளி (ரிங்கிட்). குழு தருவதாகச் சொல்வது 4,000. கேட்பதற்குப் பெரிய வித்தியாசம். ஆனால் ஆலைச் சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கட்டுகிறார், அவன் பங்கு 11 விழுக்காடு. 364-ம் 308-ம் சேர்ந்து மாதம் 672 வெள்ளி சேமிப்பில் விழுகிறது, அதில் 364 அவன் சம்பளத்துக்கு மேலே வருவது. வீட்டு வாடகை இல்லை. குழு தரும் 4,000-ஐச் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்களா, அலவன்ஸ் என்று எழுதியிருக்கிறார்களா என்று கைப்பேசியில் வந்த செய்தியில் தெளிவில்லை. வேலை ஒப்பந்தம் இல்லாத வெறும் அலவன்ஸ் என்றால் இ.பி.எஃப். இல்லாமல் போகலாம். அதற்கு மேல் பருவம் முடிந்தபின் மிச்ச மாதங்களுக்குப் பணம் உண்டா என்பதும் தெரியவில்லை. லீக் வருடம் முழுக்க நடப்பதில்லை. வாடகை, அம்மா வந்தால் இன்னொரு அறை, மகளுக்குப் பள்ளி மாற்றம் எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது ஆலையில் மிஞ்சுவதைவிட அதிகம் இல்லை. குறையவும் செய்யலாம். பணத்துக்காகப் போகிறான் என்று கடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு எதற்குப் போவது? இரண்டாவது வேலைக்கு. இளையோர் பயிற்சி. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் முகம் மாறுவதைக் கவனித்தேன். ஆடும் காலம் முடிந்தபின் ஆலைக்கு வெளியே அவனுக்கு ஒரு தொழில் வேண்டுமானால் அதற்கு வாசல் இதுதான். பதினொரு வருடமாக அவன் இங்கே செய்ததும் அதே வேலைதான், சம்பளம் இல்லாமல், சான்றிதழ் இல்லாமல்.

இப்படிப்பட்ட முடிவுக்கு முன்னுதாரணம் தேடினால், நமக்குப் பழக்கமில்லாத பனித்தரை ஹாக்கியில்தான் அதிகம் கிடைக்கிறது. விளையாட்டு வேறு என்றாலும் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் கேப்டன் என்ற பொறுப்பைக் கோயில் தர்மகர்த்தா போல மதிக்கிறார்கள். மார்பில் 'சி' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டு பத்து, பதினைந்து வருடம் ஒருவரே இருப்பார். ஊர் அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்கும். அப்படிப்பட்டவர்கள் போனபோது என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ரே போர்க்கின் கதைதான் எல்லோரும் சொல்வது. பாஸ்டன் புருயின்ஸ் குழுவில் ஏறக்குறைய 21 பருவம் ஆடியவர், அந்த லீக்கை வெல்லும் குழுவுக்குத் தரும் ஸ்டான்லி கிண்ணத்தை மட்டும் தொடவில்லை. 2000 மார்ச்சில், 39 வயதில், அவரே கேட்டுக்கொண்டு கொலராடோவுக்கு மாறினார். 2001-இல் கொலராடோ வென்றது. கேப்டன் ஜோ சாக்கிக் கிண்ணத்தை வாங்கியதும், வழக்கப்படி தான் முதலில் தூக்காமல் போர்க்கின் கையில் கொடுத்தார். சில நாளில் போர்க் அந்தக் கிண்ணத்தை பாஸ்டனுக்கே எடுத்து வந்தார். வேறு குழு வென்ற கிண்ணம் என்று பார்க்காமல் பழைய ஊர் திரண்டு வந்து வாழ்த்தியது. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஊர் போனவனை வெறுக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் டம்பா பே குழுவில் பத்து வருடம் கேப்டன், 2020, 2021 என்று இரண்டு கிண்ணம். 2024-இல் ஒப்பந்தப் பேச்சு சரிவராமல் நாஷ்வில்லுக்குப் போனார். முதல் பருவத்தில் நாஷ்வில், கிண்ணத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் பக்கமே போகவில்லை. சிட்னி கிராஸ்பி பிட்ஸ்பர்க்கில் 2007-லிருந்து கேப்டன். குழு இறங்குமுகத்தில் இருந்தும் 2024-இல் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்திட்டு இருந்துவிட்டார். அவரைப் பார் என்று சொல்வது எளிது. மூன்று கிண்ணம் வென்றுவிட்டு இருப்பது ஒரு மாதிரி, கதவு ஒரே ஒரு தடவை திறக்கும்போது இருப்பது வேறு மாதிரி.

எனக்கு அதிகம் பயன்பட்டவை மற்ற இரண்டு. மாட்ஸ் சுண்டின் 1997-லிருந்து டொரொண்டோ கேப்டன். 2008 பிப்ரவரியில் நிர்வாகம் அவரை வேறு குழுவுக்குக் கொடுத்துப் பதிலுக்கு இளம் ஆட்டக்காரர்களை வாங்கப் பார்த்தது. பாதிப் பருவத்தில் குழுவை விட்டுப் போக மாட்டேன் என்று அவர் மறுத்தார். விசுவாசம்தான். ஆனால் பருவம் முடிந்து ஒப்பந்தம் தீர்ந்ததும் அந்த வருடக் கடைசியில் வான்கூவரில் சேர்ந்தார். டொரொண்டோவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போர்க் போனபோது பாஸ்டனுக்கு பிரையன் ரோல்ஸ்டன் உட்பட ஆட்டக்காரர்களும், புதுமுகம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைத்தன. டேனியல் ஆல்ஃபிரெட்சன் 1999 முதல் 2013 வரை ஒட்டாவா கேப்டன். சம்பளப் பேச்சில் மனம் கசந்து டெட்ராய்ட்டுக்குப் போனார், ஒரே பருவம் ஆடினார், கிண்ணமும் இல்லை. ஊருக்கும் அவருக்கும் அந்தக் காயம் கொஞ்ச நாள் இருந்தது. 2014 டிசம்பரில் ஒட்டாவாவோடு ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு, பழைய சட்டையில் ஓய்வு பெற்றார். 2016-இல் அவருடைய 11-ஆம் எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று மேலே ஏற்றினார்கள்.

இவற்றைச் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே போவது, இருப்பது என்ற கேள்வியோடு, போகும்போது குழுவுக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. எங்கள் ஊர்க் குழுவுக்கு கோலாலம்பூரிலிருந்து யாரும் ஆளையும் தரப்போவதில்லை, பணமும் தரப்போவதில்லை. அவன் போனால் அந்த இடம் அப்படியே காலி. அதனால் குழுவுக்கு மிஞ்ச வேண்டியதை அவனேதான் போவதற்குள் உண்டாக்கி வைக்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். ஆகவே இப்போதே போவதும், பருவம் முடிந்து போவதும் நாள் வித்தியாசம் மட்டும் இல்லை. இரண்டு தனித்தனி முடிவுகள்.

இப்போதே, பாதி லீக்கில் போவதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அது வேண்டாம். கோலாலம்பூர்க் குழுவும் அப்படிக் கேட்கவில்லை.

கடையில் பலரும் சொன்ன நடு வழி ஒன்று இருக்கிறது. வாரநாள் அங்கே, வார இறுதி இங்கே. சுங்கை சிப்புட்டில் மின்சார ரயில் நிற்கிறது, ஏறக்குறைய மூன்று மணி நேரம், கேப்டனாகவும் இருக்கலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. எல்லா வழிகளிலும் இதுதான் மோசமானது என்பது என் முடிவு. மேல்மட்டக் குழுவின் ஆட்டங்களே வார இறுதியில் வரும். ஒப்பந்தம் போட்ட குழு, அவன் மேடு பள்ளத் திடலில் காலை முறித்துக்கொள்ள அனுமதிக்காது, அது நியாயமும்கூட. அதைவிட, கேப்டன் வராத வியாழக்கிழமைகளில் இங்கே யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். "அண்ணன் வரட்டும்" என்று காத்திருப்பார்கள். பெயர் இங்கே, ஆள் அங்கே என்றால் அடுத்த கேப்டன் முளைக்கவே மாட்டான். ஆல மரம் நின்ற இடத்தில் நிழலும் போகாது, வெயிலும் வராது.

இன்னொரு வழி பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதில் கொஞ்ச நாள் ஆசை இருந்தது. ஊரிலேயே இருந்துகொண்டு கேப்டன் பொறுப்பை மட்டும் விடுவது. ஈப்போவில் பயிற்றுநர் பயிற்சிக்குப் போவது, ஆலை வேலையும் வீடும் தொடர்வது, அம்மாவின் முருங்கை அப்படியே நிற்பது. பணத்தில் இழப்பில்லை. குழுவும் உடையாது. இரண்டு வாரம் இதையே அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மரியாதைக்குத் தலையாட்டினான். ஒருநாள் ஆலை வாசலில் அவனை இறக்கிவிடும்போது, "அண்ணே, நான் நல்லா ஆடினேனா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியலண்ணே" என்றான்.

பதினொரு வருடக் கேப்டன். இந்த வட்டாரத்தில் அவனைத் தாண்டி ஒரு செண்டர் ஹாஃபை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் கேட்டது இந்த வட்டாரத்தை அல்ல. நல்ல தரையில், நல்ல ஆட்டக்காரர்களோடு, தினமும் பயிற்சி எடுத்து ஒரு பருவம் ஆடினால் தான் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான். அந்தக் கேள்வியோடு அவனை இந்தத் திடலில் நாற்பது வயது வரை நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றோடு அந்த வழியைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

போவது என்ற சொல் நம்மைப் போன்ற ஊர்களில் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, துண்டாடலில் தோட்டம் தோட்டமாக விற்கப்பட்டுத் தொழிலாளிகள் வெளியேற்றப்பட்ட காலத்தில். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, வெளியே தள்ளப்படாமல் இருக்க அவர்களே தோட்டம் வாங்கினார்கள். அப்புறமும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது, லயங்கள் காலியாகின. என் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர். காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களமாக இருந்த இடத்தில் இன்று புல் மண்டிக் கிடக்கிறது. நாங்கள் ஆடிப் பழகிய முதல் திடலில் செம்பனை நட்டு இருபது வருடம் ஆகிறது. ஒவ்வொருவர் போகும்போதும் இங்கே இருப்பவர்களுக்கு ஏதோ ஒன்று குறைந்தது. அதனால் கேப்டன் போகிறான் என்றதும், அந்தப் பழைய இழப்பையெல்லாம் இவன் தலையில் இறக்கிவைத்துவிடுகிறோம். அது அவனுக்குச் செய்யும் அநியாயம். அவர்களில் பலர் துரத்தப்பட்டுப் போனவர்கள். இவனைக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே நான் அவனுக்குச் சொன்ன பதில் இது. போ தம்பி. ஆனால் லீக் முடிந்து போ. அதுவரை அங்கே காத்திருப்பார்களா என்று இன்றைக்கே கேட்டுவிடு. காத்திருக்க மாட்டார்கள் என்றால் அந்த ஒப்பந்தம் உனக்கு வேண்டாம், பாதிப் பருவத்தில் ஆளைப் பிடுங்குகிற குழு உன்னையும் பாதிப் பருவத்தில் விடும். கையெழுத்துக்கு முன்னால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். கொடுப்பது சம்பளமா அலவன்ஸா, ஆட்டத்தில் அடிபட்டால் மருத்துவச் செலவும் மிச்சச் சம்பளமும் யார் பொறுப்பு, லீக் முடிந்தபின் பயிற்றுநர் வேலை எத்தனை மாதம் தொடரும். ஆலையில் ராஜினாமா கொடுக்கும் முன் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேள். கிராணியும் மேலாளரும் உன் ஆட்டத்தைப் பார்த்தவர்கள்தான், கேட்பதில் தப்பில்லை. ஒரு வருடம் கிடைத்தால் வீடும் அம்மாவும் ஒரு வருடத்துக்குத் தப்பிக்கும். கிடைக்காவிட்டால், அம்மாவை எங்கே வைப்பது என்பதை அக்காளோடு உட்கார்ந்து முடிவு செய்யாமல் கையெழுத்துப் போடாதே. இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

குழுவுக்கு மிஞ்ச வேண்டியதையும் பேசினோம். அடுத்த கேப்டன் யார் என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. நன்றாக ஆடும் முன்வரிசைப் பையனை அவன் சொன்னான். நான் லெஃப்ட் ஹாஃபைச் சொன்னேன். பத்தொன்பது வயது, ஆட்டம் சுமார்தான். ஆனால் பயிற்சிக்கு முதலில் வருபவனும் கடைசியாகப் பந்துகளை எண்ணிப் பையில் போடுபவனும் அவன்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நானும் இருபதுல அப்படித்தாண்ணே இருந்தேன்" என்றான். அடுத்த மூன்று ஆட்டத்தில் லெஃப்ட் ஹாஃப் கைப்பட்டை கட்டி இறங்குவான், இவன் பக்கத்தில் நின்று பார்ப்பான். பெனால்டி கார்னரை வேறு இருவர் இப்போதிருந்தே அடிப்பார்கள், கோல் விழாவிட்டாலும். பையன்களிடம் செய்தியை அவன் வாயால் சொல்ல வேண்டும், கடை வழியாகப் போகக்கூடாது என்றேன். அது ஏற்கனவே பாதி போய்விட்டது. மீதியை ஞாயிற்றுக்கிழமை திடலில் சொன்னான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பதினைந்து வயது கோல் கீப்பர் மட்டும் கவசத்தைக் கழற்றாமல் கம்பத்தோரம் உட்கார்ந்திருந்தான். கேப்டன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கால் வாரை அவிழ்த்துவிட்டான்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் வேனில் நான் முன் இருக்கையில். கடைசிப் பையனை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது, "எல்லாம் பேசிட்டோம்ணே. வியாழக்கிழமை இத யாரு ஓட்டுறது?" என்று கேட்டான். லெஃப்ட் ஹாஃபுக்கு லைசன்ஸ் இல்லை. மற்ற இருவருக்கு மாலை ஷிஃப்ட். ஆறு வருடத்துக்கு முன்னால் முழங்காலைக் காரணம் காட்டி நான் விட்ட வேலை அது. முழங்கால் ஓடத்தான் விடாது, வண்டி ஓட்ட விடும்.

சாவிக்கு நகல் ஒன்று வெட்டி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். பிரேக் கட்டையை இந்த வாரம் பட்டறையில் மாற்றிவிடுவேன்.